நிலையும் நிலைமமும்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரின் ரத வீதிகளில் ராஜபாளையத்தாரும் சுற்றூராரும் திரண்டு நிற்க, ஆண்டாள் தேரின் வடம் பிடிக்கப்படும். அனைவரும் ஒருசேர இழுத்தாலும் தேர் உடனே அசைவதில்லை. பின்சக்கரங்களுக்கு அடியில் தடியிட்டு நெம்புவர். ஒரு குலுக்கலுடன் தேர் பெயரும். பெயர்ந்தபின் முன்னளவு வலிமை வேண்டியதில்லை.

ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்று இதனை இயற்பியல் நூல்கள் விளக்கும். சுமை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும் என்று பிரான்சு நாட்டு அமோந்தோன் 1699 இல் எழுதினார். அந்நாட்டுப் பொறியாளர் கூலோம் 1785 இல் வெளிவந்த ஆய்வில், நெடுநேரம் பொருந்திக் கிடந்த மரப்பரப்புகளைப் பெயர்க்கக் கூடுதல் விசை வேண்டும் என்று காட்டினார். ஓராண்டு நின்ற மரத்தேரை நெம்பிப் பெயர்த்தவர்கள் கையால் அறிந்திருந்ததும் இதுவே.

தேர் நிற்குமிடத்தை ‘நிலை’ என்கிறோம். நின்றது நிற்கவும் ஓடுவது ஓடவும் முனையும் இயல்புக்கு நம் பாடநூல்கள் தந்த பெயர் ‘நிலைமம்’. நியூட்டன் 1687 இல் முதல் விதியாக வைத்த கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் அவ்விதிக்கு அச்சம் தரும் மறுபாதி ஒன்றுண்டு. நிற்கும் தேரைப் பெயர்ப்பது எத்துணை அரிதோ, ஓடும் தேரை நிறுத்துவதும் அத்துணை அரிது. மரச்சக்கரங்கள் இருந்த நாளில் ஆண்டாள் தேர் நிலைக்கு வரப் பல நாட்கள் ஆகும். மண்ணில் புதைந்தும் அச்சில் உரசியும் தேர் தன்னைத்தானே தடுத்துக்கொண்டது. இத்தகைய பெருந்தேர்களின் வரலாற்றில் திருவாரூர் ஒரு திருப்பம். 1948 க்குப் பின் ஓடாதிருந்த ஆழித்தேர், திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்களுடன் 1970 இல் மீண்டும் ஓடிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கும் பின்னாளில் இரும்பு அச்சும் சக்கரங்களும் வந்தன. உராய்வு குறைந்தது, ஓட்டம் எளிதாயிற்று. உராய்வு தந்த காவலும் உடன் குறைந்தமையால் நீரழுத்தத்தால் இயங்கும் தடைக்கருவி இன்றியமையாததாயிற்று.

அக்கருவி வந்தபின்பும் முட்டுக்கட்டை மறையவில்லை. ஓடும் சக்கரத்தின் முன் கட்டையைச் செருகி வேகத்தை அடக்குவோரும், ஒருபுறம் மட்டும் இட்டுத் தேரைத் திருப்புவோரும் இன்றும் உள்ளனர். திருப்புதற்குத் தனிக்கருவி இல்லாத தேரில் வீதி முனையைக் கடப்பது இவர்கள் கையில்தான் இருக்கிறது. கை ஒரு நொடி பிந்தினால் சக்கரம் அக்கையின் மேல் ஏறும். கட்டை தவறினால் தேர் கூட்டத்தின் மேல் சாயும்.

பெருந்தேரின் சிறிய அச்சாணியை வள்ளுவர் வினைத்திட்பத்தில் வைத்துப் போற்றினார். முட்டுக்கட்டைக்கு அப்பேறு வாய்க்கவில்லை. ‘எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று வசையாகவே அச்சொல்லை வழங்குகிறோம். தடுப்பதெல்லாம் தீங்கு என்று எண்ணும் மொழிவழக்கு, தேரோடும் வீதியில் பிழையாகிவிடுகிறது. வடம் பிடித்தோர் பல்லாயிரவர். ஆயினும் தேர் பழுதின்றி நிலைக்கு வருவது, குனிந்த முதுகுடன் சக்கரத்தருகே நடக்கும் அச்சிலரால்தான்.