சேற்றுக்குள் வந்த பாறை

போன வாரம் அட்லாண்டிக் கடலடியில் நிறுத்தியிருந்தோம். அந்தக் கடலடிச் சேற்றில் கிடந்த கற்களைப் பற்றி ஹார்ட்முட் ஹைன்ரிக் 1988-இல் எழுதிய கட்டுரைக்குப் போகும் முன், நம் நாட்டில் அதே போன்ற கற்களைக் கண்ட புவியியலாளர்களான பிளான்ஃபோர்ட் சகோதரர்களைச் சொல்லியாக வேண்டும். அவர்களைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் கண்டது ஏன் புதிர் என்று புரிய, முதலில் நம் ஊர் ஆறுகளைப் பாருங்கள். ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோயில் ஆறு தெரியும்; ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் செண்பகத்தோப்பு ஓடை. மலையடியில் யானை யானையாகப் பாறைகள் கிடக்கும். கொஞ்சம் கீழே வந்தால் உருண்டைக் கற்கள், பிறகு சரளை, பிறகு மணல், கண்மாய்க்குள் வழவழவென்று வண்டல். வேகம் குறையக் குறையத் தண்ணீர் கனமானதை முதலில் இறக்கிவிடும். அமைதியாகப் படிந்த வண்டலுக்கு நடுவில் ஒரு பெரும் பாறையைக் கொண்டுபோய் வைப்பது ஆற்றால் ஆகாத காரியம்.

ஒடிசாவின் தால்சேரில் இருந்ததோ அதுதான். 1856-இல் அங்கே நிலக்கரி வயலை ஆராய்ந்தவர்கள் வில்லியம் பிளான்ஃபோர்ட், அவர் தம்பி ஹென்றி, உடன் தியோபால்ட். சகோதரர்கள் இருவரும் இந்தியா வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். நிலக்கரி அடுக்குகளுக்கும் கீழே, பச்சைச் சாயலில் இறுகிப்போன நுண்மண் பாறை. அதற்குள் எங்கிருந்தோ வந்த பெருங்கற்கள். கொண்டுவந்தது பனிக்கட்டி என்றார்கள் அவர்கள். வெயிலில் மண் வெடிக்கும் ஊரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும்!

நம்ப மறுத்தவர்களுக்குப் பதில் 1870-களில் கிடைத்தது. இன்றைய சந்திரபூர் பக்கம், பெங்கங்கா ஆற்றங்கரை இரை கிராமத்தில், சுண்ணாம்புப் பாறைத் தளத்தின் மேல் இணைகோடுகளாகக் கீறல்கள் இருப்பதைக் கண்டார் ஃபெடன் என்ற புவியியலாளர். கல் பதித்த பனி இழுபட்டுப் போன தடம் அது. ஃபெடன் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறை.

அந்தப் பனி இங்கே இருந்தது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் நிலம் தென் துருவத்தை ஒட்டிக் கிடந்த காலத்தில். பனியாறு நகரும்போது அடிப்பாறையைச் சுரண்டி, கல்லையும் மண்ணையும் தன்னோடு உறைய வைத்துக்கொள்ளும். நீரைத் தொட்டதும் முனை உடைந்து மிதக்கும். உருக உருக, கல் நேராக அடிச்சேற்றில் விழும். விழுந்த இடத்தில் கீழடுக்கு உள்வாங்கி வளைந்திருக்கும். பின்னால் படிந்த அடுக்கு கல்லின் மேல் போர்த்திச் செல்லும். சத்தீஸ்கரின் மனேந்திரகரில், ஹஸ்தேவ் ஆற்றங்கரையில், இதே காலப் படிவுகளில் குளிர்கடல் சிப்பிகளும் இருக்கின்றன. ஆகவே அங்கே கடலே வந்திருந்தது.

என் கணக்கில் இந்தக் கதையின் நாயகன் தம்பி ஹென்றிதான். நீலகிரியின் பாறைகளைப் பற்றி எழுதினார். திருச்சி, அரியலூர்ப் பக்கத்துக் கடற்படிவுகளை வரைபடமாக்கினார். 1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். மறு ஆண்டே தாது வருஷப் பஞ்சம். ஜனங்கள் சாகும்போது தானியத்தைக் கப்பலேற்ற விட்ட வைஸ்ராய் லிட்டனை எந்தக் காலத்திலும் மன்னிக்க முடியாது. அதே அரசாங்கத்தின் ஊழியரான ஹென்றியோ, மழை ஏன் பொய்த்தது என்று தேடினார். இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்று 1884-இல் எழுதினார். தால்சேரில் பனியின் தடத்தைக் கண்டவர், நம் மழையின் பின்னாலும் பனியைப் பார்த்தார்.

ஹைன்ரிக்குக்கு இனி இடம் கொஞ்சம்தான். வட அட்லாண்டிக் அடிச்சேற்றில், கடைசிப் பனியுகத்தின் படிவுகளில், மிதந்துவந்த பனிமலைகள் கொட்டிய கரடுமுரடான மணலும் கல்லும் அடுக்கடுக்காக இருப்பதைக் கண்டவர் அவர். முக்கியமானவை ஆறு. அவற்றில் பலவற்றின் சுண்ணாம்புத் துணுக்குகள் கனடாவின் ஹட்சன் பகுதியிலிருந்து வந்தவை. அந்தப் பனிமலைகள் மிதந்த காலங்களிலெல்லாம் நம் பருவமழை தளர்ந்திருந்தது என்று அரபிக்கடல் அடிச்சேறும் குகைச் சுண்ணாம்புப் படிவுகளும் சாட்சி சொல்கின்றன. அட்லாண்டிக் பனி நம் மழையை எப்படிக் கெடுத்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)