ஒரு தூண்டில், இரண்டு பேர்

அமெரிக்காவில் 'பாஸ்' என்றொரு நன்னீர் மீன் உண்டு. அதைப் பிடிக்க அங்கே கடைகளில் விற்கும் சாமான்களைப் பட்டியல் போட்டால், நம் கல்யாணச் சீர்வரிசை தோற்றுப் போகும். இத்தனையும் மீனைக் கவரவா, மனிதரைக் கவரவா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆரம்பத்தில் தேவைதான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி பற்சக்கரம் வைத்த ரீல் செய்தார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால், நூல் உருளை பல சுற்று ஓடும். 1949இல் ஆக்ரன் நகரத்து நிக் க்ரீம், மீனை ஏமாற்றப் பிளாஸ்டிக் மண்புழுவே வார்த்துவிட்டார்.

இவற்றுக்கு நடுவில், 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியாவில் நடந்ததுதான் என் மனத்தில் நிற்கிறது. நாடெங்கும் பஞ்சம், மழையால் வயலில் இறங்க முடியவில்லை. ஜார்ஜ் பெர்ரி என்ற குடியானவ வாலிபர் நண்பரோடு மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். இருவருக்கும் சேர்த்து ஒரே தூண்டில்; ஒரே பொய் மீன். அதில் சிக்கியது 22 பவுண்டு 4 அவுன்ஸ்! தபாலாபீஸ் தராசில் நிறுத்தார்கள். பிறகு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் ஓர் அவுன்ஸ்கூட முந்தவில்லை. இரண்டும் சமம் என்றே பதிவாயிற்று.

நல்ல நூலும் உறுதியான முள்ளும் அவசியமே. ஆனால் அன்று பெர்ரிக்குத் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை. வீட்டில் உலை காத்திருந்தது. இருந்த ஒன்றைக் கவனமாக வீசினார்.