தெளிந்த இரவின் ஒருதலைச் சாட்சி: பள்ளிப்பட்டு வானின் மிதப்பலைகளும் காதங்கி லிடாரும்

பள்ளிப்பட்டிலிருந்து மேற்கு வடமேற்கே, வான்வழியில் சுமார் 30 கி.மீ. தொலைவில் ஆந்திர எல்லைக்குள் காதங்கி இருக்கிறது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1998இல் ஜப்பானியக் கூட்டுறவுடன் நிறுவப்பட்ட லிடார், 532 நானோமீட்டர் பச்சை லேசர் துடிப்புகளை நேர்மேலே செலுத்துகிறது. தூசுப் படலம் அற்றுப்போகும் 30 கி.மீ.க்கு மேல், திரும்பி வரும் ஒளி, தொலைவுக்கேற்பத் திருத்தியபின், காற்றின் அடர்த்திக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அடர்த்தியிலிருந்து வெப்பநிலையைக் கணிக்கலாம். ஏறத்தாழ 80 கி.மீ. வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை கிடைக்கும் இந்த வெப்பநிலைக் கோடுகளின் நெளிவுகளே, அங்கு முனைவர் பட்டத்துக்கு உழைத்த பலருக்கும் மூலப்பொருள்.

அந்த நெளிவுகளை 'ஈர்ப்பு அலை' என்று எழுதும் வழக்கம் உண்டு. கருந்துளைகள் மோதுவதால் எழும் அலைக்கும் தமிழில் அதே பெயர் நிலைத்துவிட்டது. மேலெழுந்த காற்றுப் பொதியை எடை கீழே இழுக்க, மிதப்பு மேலே தள்ள, அந்த ஊசலாட்டத்தில் பிறப்பது வளிமண்டல அலை. 'மிதப்பலை' என்பதே பொருந்தும்.

நகரி மலைகள் அருகிலேயே நிற்பதால், அலைகளுக்கு அவற்றையே காரணம் சொல்லத் தோன்றும். என் கருத்தில் அது பிழை. மலையில் மோதி எழும் அலை தரையைப் பொறுத்து நகராதது. எனவே காற்றின் வேகம் சுழியாகும் மட்டத்தைத் தாண்டி அதனால் ஏற முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இப்பகுதியில் தாழ்மட்டத்தில் மேற்குக் காற்று. ஏறத்தாழ 6 முதல் 8 கி.மீ. உயரத்தில் அது கிழக்குக் காற்றாக மாறுகிறது. மலையலை அங்கேயே தேய்ந்துவிடும். லிடார் பார்க்கத் தொடங்குவதோ 30 கி.மீ.க்கு மேல்.

அப்படியானால், காற்றை வேகமாக மேலே தள்ளும் இடிமேகம்தான் ஊற்றா? பெரும்பாலும் ஆம். ஆனால் எந்த ஊர் இடிமேகம்? இங்கேதான் சிக்கல். அடுக்கு மண்டலத்தில் மிதப்பலையின் மிகக் குறைந்த அலைவுநேரம் சுமார் 5 நிமிடம். காற்றைக் கருதாத எளிய கணக்கில், ஒரு மணி நேர அலைவுநேரம் உள்ள அலை 30 கி.மீ. உயர்வதற்குள் கிடைமட்டமாக 360 கி.மீ. போயிருக்கும். 10 நிமிட அலை 50 கி.மீ. மட்டுமே போகும். ஆகவே காதங்கிக்கு மேலே தெரியும் ஒரு மணி நேர அலை வங்கக் கடலிலோ தெற்கே வெகு தொலைவிலோ பிறந்ததாக இருக்கலாம். பள்ளிப்பட்டு, திருத்தணி மழைமேகங்களின் கையெழுத்து 10 நிமிட அலைகளில்தான் இருக்கும். நாலு நிமிடத்துக்கு ஒரு கோடு எடுக்கும் கருவிக்கு அது எல்லையோரத் தகவல். ஒளியணு எண்ணிக்கையின் இரைச்சல் அதையும் விழுங்கப் பார்க்கும்.

இன்னொன்று: மேகம் மூடினால் லிடாரும் மூடும். சித்தூர்ப் பக்கம் மாலையில் திரளும் மேகங்கள் கிழக்கே நகர்ந்து பள்ளிப்பட்டைக் கடந்து, இரவில் சென்னையை எட்டும் மாதங்களில்தான் அலை ஊற்று வலுவானது. தரவு குறைவதும் அப்போதுதான். குளிர்கால இரவுகள் மிகுந்த ஒரு தரவுத்தொகுப்பின் சராசரியை 'இப்பகுதியின் அலை ஆற்றல்' என்று எழுதுவது, கோடையில் மட்டும் ஏரியை அளந்துவிட்டுக் கொள்ளளவு சொல்வதைப் போன்றது.

அதே வளாகத்தில் 53 மெகாஹெர்ட்ஸ் எம்.எஸ்.டி. ரேடார் இருக்கிறது. 1024 ஆன்டெனாக்கள் கொண்ட அதற்கு மழை தடையல்ல. ஆனால் அது காற்றை அளக்கும், வெப்பநிலையை அல்ல; இரவில் அதன் பார்வை பெரும்பாலும் அடுக்கு மண்டலத்தின் கீழ்ப்பகுதியோடு நின்றுவிடும். இரண்டும் சேர்ந்தாலும் ஏறத்தாழ 20 முதல் 30 கி.மீ. வரை ஓர் இடைவெளி மிஞ்சும்.

மிச்சமிருப்பது அபூர்வமான சில இரவுகள். மேகக்கூட்டம் பள்ளிப்பட்டைத் தாண்டிக் கிழக்கே போயிருக்கும். காதங்கியில் வானம் திறந்திருக்கும். அப்போதும் 15 கி.மீ. உயரக் கிழக்குக் காற்று மேகத்தின் மேல்முகட்டை மேற்கே இழுத்து மெல்லிய திரையிடக்கூடும். அத்திரை மெல்லியதாக இருந்தால் லேசர் ஊடுருவும். நூறு பனிக்கால இரவுகளைவிட அத்தகைய ஐந்து இரவுகள் எனக்கு மேல். ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கருவி இயங்கிய இரவுகளின் பட்டியலுக்கு அருகிலேயே, இயங்காத இரவுகளையும் அதற்கான காரணத்தையும் அச்சிடுங்கள்.