சிற்றுருவும் பெருஞ்சினமும்

நகைச்சுவையைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கும் வழக்கம் நம்மவரிடை நெடுநாளாக உண்டு. அதிலும் அசையும் சித்திரப் படமென்றால், அது பாலர்க்கே உரியது, படித்தவர் பார்வைக்குத் தகாதது என்பது பலர் துணிபு. நாம் அங்ஙனம் கருதவில்லை. ஒரு நாட்டார் எவற்றை வணங்கினர் என்பதை அவர்தம் கோயில்கள் காட்டும். எவற்றைக் கண்டு உள்ளூர அஞ்சினர், எவற்றைக் கண்டு வாய்விட்டு நகைத்தனர் என்பவற்றை அவர்தம் கேலிக் கூத்துகளே காட்டும். அவ்வகையில் அமெரிக்கச் சித்திரப் படங்களில் வரும் யோசெமிட்டி சாம் என்னும் முரடனது சரித்திரம் ஆராய்தற்குரியது.

குள்ளமான உடல், அவ்வுடலையே மறைக்குமளவு தொங்கும் செந்நிற மீசை, தலையினும் பன்மடங்கு அகன்ற தொப்பி, இரு கையிலும் கைத்துப்பாக்கி, எரிமலை வெடித்தாற்போன்ற குரல். இவனே சாம். 1945ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹேர் டிரிக்கர்’ என்னும் படத்தில், ஓடும் இரயிலைக் கொள்ளையிட வந்தவனாக இவன் முதன்முதல் தோன்றினான். அவ்வண்டியின் தபால் பெட்டியில் இருந்தது பக்ஸ் பன்னி என்னும் முயல். அன்று தொடங்கிய பகை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திரையில் நீடித்தது.

இவனைத் திரைக்குக் கொணர்ந்தவர் பிரிஸ் பிரெலெங் என்னும் இயக்குநர். வார்னர் சகோதரர் கம்பெனியின் சித்திரப் படங்களில் முயலுக்கு எதிரியாக 1940 முதல் நடமாடி வந்த எல்மர் பட் என்பான் மந்த மதியினன், சுபாவத்தில் மென்மையன். முயலுக்கு ஈடுகொடுக்கும் வன்மையான எதிரி ஒருவன் வேண்டும் என்பது பிரெலெங்கின் கருத்து. இக்கருத்து கலைக்கு மட்டுமன்றி அறத்துக்கும் பொருந்துவதென்போம். எளியானை ஏமாற்றுவது வெற்றியாகாது. ஆயுதமும் அகந்தையும் உடையானை வெறுங்கையுடன் வெல்வதே வெற்றி.

ஈண்டு ஒரு செய்தி நினைக்கத்தக்கது. பிரெலெங் உயரங் குறைந்தவர், செம்பட்டை முடியினர், விரைவில் சினங் கொள்பவர். கதையாசிரியர் மைக்கேல் மால்டீஸ் அவரையே மாதிரியாகக் கொண்டு சாமை அமைத்தார் என்று உடனுழைத்தோர் சொல்லி வந்தனர். தலைவரின் சினத்தைப் பொறுத்திருந்த பணியாளர் அச்சினத்தையே நகைப்பொருளாக்கினர். தலைவரோ அதனைத் தடுக்காது ஏற்றுப் பல்லாண்டு தாமே இயக்கினார். தோட்டக் காரியாலயத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு இச்செய்தி வியப்பளிக்கின்றது. மேலிருப்போன் உரத்த குரலில் ஏச, கீழிருப்போன் வாய்மூடி நிற்றல் எவ்விடத்தும் உள்ள காட்சி. அவ்வேச்சை ஏசியவனே கண்டு நகைக்குமாறு படைத்துக் காட்டும் உரிமை எத்தனை பேருக்குக் கிட்டும்? அவ்வுரிமையும் அங்குத் தானே வந்ததன்று. அதே தொழிற்சாலையில் 1941ஆம் ஆண்டு, சங்கத்தை ஏற்குமாறு சித்திரக்காரர் கேட்டபொழுது, முதலாளி லியான் ஸ்லெசிங்கர் கதவடைத்து அவரை வெளியே நிறுத்தினார். சில நாட்களுக்குள் பணிந்து சங்கத்தை ஏற்றார். ஏழு நிமிடப் படமொன்று 10,000க்கு மேற்பட்ட கட்டங்களாகத் திரையில் ஓடுகின்றது. அதற்கு வேண்டும் படங்களைக் கையால் வரைந்தும் வண்ணந் தீட்டியும் உழைத்தோர் அத்தொழிலாளரே. சாமுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் என்பாரும், தாம் பேசிய குரல்களுள் தொண்டையை மிக வருத்தியவற்றுள் ஒன்று இக்குரலே என்று கூறியிருக்கின்றார்.

நிற்க. சாம் அணிந்திருக்கும் வேடம் யாருடையது? கௌபாய் எனப்படும் மாட்டுக்காரனுடையது. உண்மைக் கௌபாய் யார் என்பதைச் சரித்திரத்தில் தேடுவோமாயின், துப்பாக்கி வீரனைக் காணோம், கூலியாளையே காண்கின்றோம். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், டெக்சாஸ் நாட்டில் பெருகிக் கிடந்த மாடுகளைக் கான்சாஸ் நாட்டு இரயிலடிகளுக்கு ஓட்டிச் செல்லும் தொழில் எழுந்தது. 1867இல் அபிலீன் என்னும் ஊர் அதற்குச் சந்தையாயிற்று. மாதம் 30, 40 டாலர் கூலிக்கு வெயிலிலும் புழுதியிலும் குதிரை மேலிருந்து உழைத்தவரே கௌபாய்கள். அவருள் நால்வருக்கு ஒருவர் கறுப்பினத்தவர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் மதிப்பு. மெக்சிக்கரும் பலர் இருந்தனர். கயிறு வீசி மாடு பிடிக்கும் கலையே மெக்சிக்க இடையரிடமிருந்து கற்றதுதான். 1883ஆம் ஆண்டு டெக்சாஸின் வடபகுதியில் இவர்கள் கூலி உயர்வு வேண்டி வேலைநிறுத்தஞ் செய்து தோற்றனர். 1874இல் கிளிடன் என்பார் உரிமை பெற்ற முள்வேலி வெட்டவெளியைத் துண்டாடியது. 1886ஆம் ஆண்டிறுதியில் தொடங்கிய கடுங்குளிர் எண்ணிறந்த மாடுகளைக் கொன்றது. இருபது ஆண்டுகளுக்குச் சிறிது மேல் நின்ற தொழில் அத்துடன் ஒடுங்கிற்று.

அவ்வூர்கள் ஓயாது சுட்டுக்கொண்டிருந்தன என்பதும் கட்டுக்கதையே. அரிசோனாவிலுள்ள டூம்ஸ்டோன் நகரில், ஊருக்குள் ஆயுதந் தாங்கித் திரியலாகாது என்ற சட்டம் 1881இலேயே இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் அங்கு நிகழ்ந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்கு, அச்சட்டத்தைச் சிலர் மீறியதும் ஒரு காரணமாயிற்று.

அங்ஙனமாயின் கூலியாள் துப்பாக்கி வீரனானது யாங்ஙனம்? மலிவு விலைக் கதைப்புத்தகங்கள் அவ்வுருவைத் தொடங்கி வைத்தன. 1883 முதல் பபல்லோ பில் என்பார் நடத்திய காட்சிக் குழு அதனை ஊர் ஊராகச் சுமந்து சென்றது. 1903இல் வெளிவந்த ‘பெரும் இரயில் கொள்ளை’ என்னும் ஊமைப் படம் அதனைத் திரையிலேற்றிற்று. அப்படத்தில் கொள்ளைக்காரன் ஒருவன் காண்போரை நோக்கியே துப்பாக்கி சுடுவான். உழைத்தவன் மறக்கப்பட்டான், சுட்டவன் நினைக்கப்பட்டான். கூலி கேட்டு நின்ற கூட்டம் எந்தத் திரையிலும் அவ்வளவு புகழ் பெற்றிலது. செக்ரோல் புத்தகத்தில் நாள்தோறும் பெயர் பதிவோராகிய நாம் இதனை எளிதில் மறத்தற்கில்லை.

அப்பொய் வீரனைக் கவிழ்ப்பதே சாமுடைய தொழில். 1948ஆம் ஆண்டுப் படமொன்றில், முயல் தரையிற் கோடு கிழித்து இதனைத் தாண்டுவாயோ என்று கேட்கும். மானம் பொறாத சாம் தாண்டுவான். மற்றொரு கோடு, மற்றொரு தாண்டல். ஈற்றில் மலை விளிம்பினின்றும் வீழ்வான். 1949ஆம் ஆண்டுப் படத்தில், உயரப் பலகையினின்று குதிக்குமாறு முயலைத் துப்பாக்கி முனையில் ஏற்றுவான். மீண்டும் மீண்டும் வீழ்பவன் தானே. முயல் அவனை அடிப்பதில்லை. அவன் சினமே அவனை அடிக்கின்றது. வெகுளாமைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் நாட்டவராகிய நமக்கு இப்பாடம் புதியதன்று. எனினும் ஏழு நிமிடத்தில் நகைக்க வைத்துக் கற்பிக்கும் முறை புதியது. பின்னர்ச் சாம் கடற்கொள்ளையன், சிறைக்காவலன், உரோமப் படைத்தலைவன் எனப் பல வேடம் பூண்டான். 1951இல் நகரத் தலைவர் பதவிக்கும் போட்டியிட்டான். 1958இல் வந்த ‘நைட்டி நைட் பக்ஸ்’ அகாடமி பரிசு பெற்றது. அதில் சாம் கவசம் பூண்ட கொடிய வீரன். அவனை வெல்லும் முயலோ அரசவை விகடகவி. துப்பாக்கிக்கும் வாளுக்கும் கேலியே மாற்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

ஆயின் நாம் புகழ்ந்தே முடித்தல் நேர்மையாகாது. நகைப்பு என்னும் கத்திக்கு இருபுறமும் கூர் உண்டு. 1953இல் வந்த ‘சதர்ன் பிரைட் ராபிட்’ படத்தில், உள்நாட்டுப் போர் முடிந்ததை அறியாது எல்லை காத்து நிற்கும் தென்னாட்டுப் படைவீரனாகச் சாம் வருகின்றான். அடிமை முறைக்காகப் போரிட்டோரின் மூடப் பிடிவாதத்தை இங்ஙனம் எள்ளுதல் நன்று. ஆனால் அதே படத்தில் முயல் முகத்திற் கரிபூசி அடிமை வேடம் பூண்டு வருகின்றது. அவ்வேடம் சாமையன்று, அடிமைப்பட்ட மக்களையே எள்ளுகின்றது. 1960இல் வந்த ‘ஹார்ஸ் ஹேர்’ படத்தில் செவ்விந்தியர் கூட்டத்துக்குச் சாம் தலைவன். அங்கு நகைப்புக்கு ஆளாவோர் நிலமிழந்த மக்கள்.

இவ்விடத்தில் அவன் பெயரையே நோக்குக. யோசெமிட்டி என்பது கலிபோர்னியாவிலுள்ள பள்ளத்தாக்கு. 1851இல் பொன் தேடி வந்த வெள்ளையரின் படை அங்கிருந்த பூர்விகக் குடிகளை வெளியேற்றப் புகுந்து, அவர்தம் குடியிருப்புகளுக்குத் தீயிட்டது. அண்டைக் குடியினரான மீவோக்கர் அப்பள்ளத்தாக்கினரைக் குறித்த சொல்லே யோசெமிட்டி. கொல்வோர் என்பது அதன் பொருள் என்று மொழியாராய்ச்சியாளர் கூறுவர். துரத்தப்பட்டோர்க்குக் கொல்வோர் என்ற பெயர் நின்றது. துரத்தியோர் அதனை ஊர்ப்பெயராக்கினர். 1890இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1945இல் கேலிச் சித்திர முரடன் ஒருவனுக்கு முன்னொட்டாயிற்று. காண்போர் நகைத்தனர், பெயருக்குரியோரை நினைத்தார் எவர்?

சாமுடைய பழம்படங்களின் வரிசை 1964இல் முடிந்தது. 2020இல் புதுப்படங்கள் தொடங்கியபொழுது, ஆக்கியோர் அவன் கைத்துப்பாக்கிகளை அகற்றினர். துப்பாக்கியால் நாடெங்கும் உயிர்கள் மடியுங் காலத்தில் அது நகைப்பொருள் ஆகலாமா என்னும் கேள்வி நியாயமானதே. ஆயினும் துப்பாக்கி ஏந்தியவனை நகைப்பது வேறு, துப்பாக்கியைக் கண்டு மகிழ்வது வேறு என்பதையும் மறத்தல் கூடாது. பழஞ்சாமின் கையில் அது ஒருபோதும் அவனுக்கு வெற்றி தந்ததில்லை.

ஆகவே வாசக அன்பர்காள், எந்த நகைச்சுவையையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பாருங்கள்: அது மேலிருப்போனை நோக்கி எறியப்படுகின்றதா, வீழ்ந்து கிடப்போனை நோக்கி எறியப்படுகின்றதா? முன்னது மருந்து, பின்னது நஞ்சு. செம்மீசைச் சாமின் சரித்திரத்தில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. மருந்தைக் கொண்டு நஞ்சைத் தள்ளுதல் காண்போர் கடமை. நம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் எழும் நகைப்புக்கும் இவ்வுரைகல்லே பொருந்தும்.