மூடிய உறைக்குள் ஒரு நோட்டு

தெஹியோவிட்ட முதல் இரத்தினபுரி வரை, தோட்டங்களில் நகை களவு போனால் மை போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். வெற்றிலையில் மையைத் தடவி, ஒரு சிறுபிள்ளையை உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். "யாரு தெரியுறா? ஆம்பளையா, பொம்பளையா? பக்கத்து லயமா?" மைக்காரர் கேட்கக் கேட்க ஓர் ஆள் உருவாகிவிடுவார். பெரும்பாலும் அது வீட்டார் முன்னரே சந்தேகப்பட்ட ஆளாகத்தான் இருக்கும்.

மேடையிலும் இதே சூட்சுமம்தான். 1846இல் பாரிஸ் வித்தைக்காரர் ரொபேர் ஹூதான், கண்ணைக் கட்டிய மகன் எமிலிடம், பார்வையாளர் கையிலிருக்கும் பொருள் எதுவென்று கேட்பார். பையன் சரியாகச் சொல்வான். இந்த வகை வித்தையில் கேள்விதான் சாவி. "என்ன இது?" என்றால் மோதிரம், "இது என்ன, சொல்லு" என்றால் கடிகாரம் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள்.

பேசி வைக்காமலும் இது நடக்கும். 1904இல் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டி ஊரையே வியக்க வைத்தது. ஆராய்ந்த ஒஸ்கார் ஃபுங்ஸ்ட், கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தோற்பதைக் கண்டார். விடை எட்டியதும் கேட்பவரின் தலை தம்மையறியாமல் இலேசாக நிமிரும். குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். 1907இல் இதை நூலாக வெளியிட்டார்.

இலங்கையில் இந்தச் சோதனையைப் பந்தயமாக்கியவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். 1963இல் அற்புத சக்தி உள்ளவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். பிறர் மனதைப் படித்துக் காட்டுவது அவர் தந்த சோதனைப் பட்டியலில் ஒன்று. முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நோட்டின் இலக்கத்தைச் சொல்வது இன்னொன்று. நோட்டை உள்ளே வைப்பவரும் இலக்கத்தைப் பாராமல் வைத்துவிட்டால், முகத்தைப் பார்த்தோ பேச்சைப் பிடித்தோ அறிய வழியே இல்லை. 1978இல் கோவூர் மறையும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. பிறகு அதே சவாலைக் கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பிரேமானந்த் கையிலெடுத்தார்.

மைக்காரரைச் சோதிக்க லட்ச ரூபாய் வேண்டியதில்லை. களவைப் பற்றியே அறியாத வெளியூர்ப் பிள்ளையை மை பார்க்க வைத்து, மைக்காரரிடம் வீட்டார் வாய் திறக்காமல் இருந்தாலே போதும். பக்கத்து லயத்து அப்பாவி தப்பிப்பார்.