சுளுக்கா, வாயுவா? ஸ்கூபா மூழ்கலும் சிறு மூட்டுக்காயங்களும்

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் பக்கத்தில் மூட்டு வலித்தால் இரண்டு பெயர்களில் ஒன்று வந்துவிடும்: சுளுக்கு அல்லது வாயுப் பிடிப்பு. தறி மிதித்த முழங்காலோ கிணற்றுப் படியில் பிசகிய கணுக்காலோ, எண்ணெய் தடவி வழித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்; எந்தப் பெயர் சொன்னாலும் நட்டமில்லை. காற்றுச் சிலிண்டருடன் கடலில் மூழ்குபவருக்கு அப்படியல்ல. சுளுக்கை ஆழம் மோசமாக்குமா என்பதைவிட, சுளுக்கு வேறொரு நோயை மறைத்துவிடுமா என்பதே அவருக்கு முதன்மையான கேள்வி என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

நீர் மூட்டுக்குப் பகையில்லை. கழுத்தளவு நீரில் நிற்பவரின் கால்மூட்டுகள் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே தாங்குகின்றன. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டமான 120 அடி ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் நான்கரை மடங்கு இருக்கும். ஆயினும் அது எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் வீங்கிய முழங்கால் நசுங்காது. காயத்துக்கு ஊறு நேர்வது நீருக்கு மேலேதான்: சிலிண்டரும் ஈயக்கட்டிகளுமாக 20 கிலோவுக்கு மேல் சுமந்து, ஆடும் படகின் ஏணியில் ஏறும்போது.

ஆழத்தின் கேடு வேறு வழியில் வருகிறது. அழுத்தக் காற்றைச் சுவாசிக்கையில் நைட்ரஜன் திசுக்களில் கரைகிறது. விரைந்து மேலேறினால் குமிழியாகப் பிரிகிறது. இதை 1878இல் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் விளக்கினார். படிப்படியாக மேலேறும் முறையை 1908இல் மற்றோர் உடலியலாளரான ஹால்டேன் வகுத்தார். காயம்பட்ட மூட்டில் ரத்த ஓட்டம் மாறியிருப்பதால் அங்கே குமிழி எளிதில் தங்கலாம் என்ற கருத்து உண்டு. அது இன்னும் ஊகமே. ஆனால் சுளுக்கு வலியும், மூட்டில் குமிழி தரும் வலியும் ஒன்றுபோல் தோன்றும் என்பதில் ஐயமில்லை.

தூத்துக்குடிச் சங்குகுளிப்பு இதற்குச் சான்று. தம் கட்டி மூழ்கியவர் கொண்டுபோனது ஒரு மூச்சுக் காற்றை மட்டுமே. நைட்ரஜன் சேர்வது குறைவு. காம்ப்ரசர் குழாயால் மூச்சிழுத்து நெடுநேரம் அடியில் தங்குபவரின் நிலை வேறு. கயிறு இழுத்தும் மூட்டை தூக்கியும் தோள் நோவது தொழிலின் இயல்பு. குமிழி வலி மிகுதியாக வருவதும் அதே தோளில்தான். தொழில்வலி என்று ஒதுக்கிவிட்டு மறுநாளும் மூழ்குவது எளிது. குமிழிப் பாதிப்பு தொடர்ந்தால் தோள், இடுப்பு எலும்புகளின் தலைப்பகுதி ரத்தம் குன்றி மடியலாம்.

வேறுபடுத்தச் சில குறிகள் உண்டு. சுளுக்கு தொட்டால் வலிக்கும், அசைத்தால் கூடும், பெரும்பாலும் வீங்கும். குமிழி வலி ஆழத்தில் மந்தமாகக் குடையும். இன்ன இடமென்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இரண்டும் ஒரே மூட்டில் கலந்தால் இக்குறிகளும் கைவிடும். அப்போது எண்ணெய் உதவாது. தூய ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும் தேவை. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், புதுச்சேரியில் மூழ்கிவிட்டு அன்றிரவே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர ஏற்காட்டுக்கு ஏறுவதும் தவறு. ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும்.

ஆகவே, புதுச் சுளுக்கு ஆறும்வரை மூழ்குதல் கூடாது. பழைய வலியுள்ளவர் அதன் இடத்தையும் தன்மையையும் மூழ்குமுன்பே எழுதி வைக்க வேண்டும். மூழ்கிய 24 மணி நேரத்துக்குள் புதிதாக எழும் மூட்டுவலியை, வேறென்று மருத்துவர் உறுதிசெய்யும்வரை, வாயு, அதாவது குமிழி வலி, என்றே கொள்ள வேண்டும்.