சீயெனாவின் முற்றுப்பெறா முகப்பு

இத்தாலி நாட்டின் தஸ்கனிப் பகுதியில் மூன்று குன்றுகளின்மீது அமைந்த பழம்பெரும் நகரம் சீயெனா. அதன் பேராலயத்தின் அருகே நெடிய சுவர் ஒன்று தனித்து நிற்கின்றது. அதில் வாயிலும் சாளரமும் உண்டு. பின்னால் கூரை இல்லை. பகைவர் இடித்த கட்டடத்தின் எச்சமோ என நாம் ஐயுறக்கூடும். அன்று, அது கட்டி முடிக்கப்படாத ஓர் ஆலயத்தின் முகப்பு. ஊரார் அதனை ‘ஃபாச்சாத்தோனே’, அதாவது ‘பெருமுகப்பு’ என அழைப்பர்.

இன்றுள்ள பேராலயத்தின் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அறுகோண அடித்தளத்தின்மீது அதன் குவிமாடம் அமைந்துள்ளது. சுவர்களிலும் தூண்களிலும் வெண்பளிங்கும் கரும்பளிங்கும் வரிவரியாக மாறிமாறி வருகின்றன; அவை நகரத்தின் சின்னத்திற்குரிய நிறங்கள். நிக்கோலா பிசானோ என்னும் சிற்பி 1265 முதல் 1268 வரை பிரசங்க மேடையைச் செதுக்கினார். அவர் மைந்தர் ஜியோவான்னி 1284 முதல் முகப்பின் கீழ்ப்பாதியை உருவாக்கினார்.

இத்துணைச் சிறப்பும் சீயெனா மக்களுக்குப் போதவில்லை. அண்டை நகரமான ஃபுளோரன்ஸ் அவர்களுடைய நெடுநாட் போட்டியாளர். 1260இல் மொந்தாப்பெர்த்திப் போரில் அதனைச் சீயெனா வென்றது. ஆயினும் 1296இல் ஃபுளோரன்ஸ் மிகப் பெரிய பேராலயம் ஒன்றைத் தொடங்கிற்று. வணிகத்தாலும் வட்டித்தொழிலாலும் செல்வம் கொழித்த சீயெனா வாளாவிருக்குமா? புதிய நடுக்கூடம் ஒன்றை எழுப்ப 1339இல் நகரமன்றம் தீர்மானித்தது. இருக்கும் ஆலயம் முழுவதும் அதன் குறுக்குக்கூடமாக மாறவேண்டும் என்பது திட்டம்! பொறுப்பேற்ற லாந்தோ தி பியெத்ரோ மறு ஆண்டே மறைந்தார், பணி தொடர்ந்தது.

1348இல் கொள்ளைநோய் நகரினுட் புகுந்தது. மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை அது வாரிச் சென்றது. வேலையாள் குறைந்தனர், பொருள் வற்றியது. கொள்ளைநோய் ஒன்றே பணியைக் குலைத்தது எனப் பலர் கூறுவர். அது முழு உண்மை ஆகாது. மேலே எழும் வளைவுகளின் பாரத்தைத் தாங்கத் தூண்களுக்கு வலிமை போதவில்லை. நோய் நீங்கினும் அக்குறை நீங்காது அன்றோ? அபாயமான பகுதிகளை இடித்துவிட 1357இல் முடிவாயிற்று.

பெருமையின் பொருட்டுத் தொடங்கியதைக் கைவிடுதல் எளிதன்று. சீயெனா மக்கள் அதனைச் செய்தனர். செய்தபின் சோர்ந்து இருந்துவிடவும் இல்லை. பழைய ஆலயத்தையே செம்மை செய்யலாயினர். முகப்பின் மேற்பாதி 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. தரையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பளிங்குச் சித்திரங்கள் நூற்றாண்டுதோறும் சேர்ந்தன.

கைவிட்ட கூடமும் வீணாகவில்லை. அதன் பக்கவழி ஒன்றைச் சுவரெழுப்பி மூடினர். இன்று அது அருங்காட்சியகம். 1311இல் ஊர்வலமாகப் பேராலயத்திற்கு எடுத்துவரப்பட்ட தூச்சியோவின் மரியன்னை ஓவியத்தின் பெரும்பகுதியை நாம் அங்கே காணலாம். பெருமுகப்பின் உச்சிக்கு ஏறவும் வழி உண்டு. முற்றுப்பெறாத அச்சுவரின்மீது நின்று நோக்கினால், முற்றுப்பெற்ற ஆலயம் முழு அழகுடன் நம் கண்முன் விரிகின்றது.